கற்பனைக் குறைபாட்டுச் சான்றிதழ்

எங்கள் பெரிய மருத்துவமனையில் யாருக்கும் வலிப்பதில்லை. இதை நான் சொல்லவில்லை, வாசலில் இருக்கும் பலகை சொல்கிறது. 'வலியற்ற வளாகம்' என்று ஆளுயர எழுத்தில் எழுதி, அதன் கீழே 'வாகனங்களை இங்கே நிறுத்தாதீர்' என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதை யாரும் மதிப்பதில்லை. முதலாவதை மதிக்காமல் உள்ளே போகவே முடியாது.

நான் ரொட்டி சுடுகிறவன். பதினெட்டு வருஷமாக அடுப்போடுதான் குடித்தனம். ஒருநாள் காலையில் தட்டு ஒன்று உள்ளே சிக்கிக்கொண்டது. அவசரத்தில் கையை விட்டு இழுத்தேன். தட்டு வந்துவிட்டது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்குமான தோல் அடுப்புக் கதவோடு தங்கிவிட்டது.

தீப்புண் வந்தவர்களுக்குத் தெரியும், சுட்டபோது படும் பாடு ஒன்றுமே இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டைப் பிரித்து, புண்ணைக் கழுவி, செத்த தோலைச் சுரண்டி எடுத்து, புதுக் கட்டு போடுவார்களே, அதுதான் நிஜமான பாடு. துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். கட்டு அறையில் இருபத்திரண்டு வருஷமாகக் கட்டுப் போடும் நர்ஸை எல்லோரும் 'கட்டு அக்கா' என்றே கூப்பிட்டார்கள். முதல் இரண்டு தடவை அவர் பழைய முறைப்படி செய்தார். வலி தெரியாமலிருக்க ஊசி போட்டு அரைமணி நேரம் உட்காரவைத்தார். பிறகு உப்புத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, மெல்லப் பிரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டால் தாங்க முடிந்தது.

மூன்றாவது தடவை போனபோது காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு, மேடை கட்டி, ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். மருத்துவமனை இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார்.

"வலின்னா என்ன? வேலை இல்லாத மூளை பண்ற விஷமம். மூளைக்கு ஒரு வேலை குடுங்க, வலி தானா ராஜினாமா பண்ணிட்டுப் போயிடும். இந்தக் கருவிய மாட்டிக்கிட்டா நீங்க கடலுக்கு அடியில இருப்பீங்க. கட்டு அறையில உங்க கை மட்டும்தான் இருக்கும். கையில நடக்கிறதுக்கு நீங்க எதுக்குக் கவலைப்படணும்?"

கூட்டத்தில் கால் முறிந்த ஒருவர் கையைத் தூக்கினார். "நீங்க போட்டுப் பாத்தீங்களா சார்?"

"போன மாசம் எனக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கினாங்க," என்றார் இயக்குநர் பெருமையாக. "அப்ப முழு மயக்கம் குடுத்தாங்க. இது நோயாளிகளுக்கான வசதி. அதுல போய் நான் பங்கு கேட்டா நல்லாவா இருக்கும்?"

கைதட்டினோம். நான் ஒரு கையால் தொடையில் தட்டினேன்.

கருவியின் முழுப்பெயர் 'வலிநீக்க மெய்நிகர் அனுபவக் கருவி'. நாங்கள் டப்பா என்றோம். முகத்தில் கட்டிக்கொள்ளும் ஒரு கறுப்பு டப்பா, அவ்வளவுதான். அதற்கென்று 'அனுபவ அதிகாரி' ஒருவரை நியமித்திருந்தார்கள். கழுத்தில் டையும் கலையாத தலையுமாக இருப்பார். முன்பு அடுக்குமாடி கட்டுகிற நிறுவனமொன்றில் மாதிரி வீட்டைச் சுற்றிக்காட்டிக்கொண்டிருந்தாராம். இல்லாத வீட்டில் ஆட்களைக் குடியேற்றிய அனுபவத்தைப் பார்த்துத்தான் எடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அன்று சரியாக ஒன்பது மணிக்கு எனக்கு ஊசி போட்டார்கள். பிறகு சம்மதப் படிவம் வந்தது. அதில் 'வலி' என்ற சொல் இருந்த இடமெல்லாம் அடித்து, 'அசௌகரிய அனுபவம்' என்று முத்திரை குத்தியிருந்தார்கள். படிவம் முடிந்ததும் டப்பாவை மாட்டுவது எப்படி என்று இருபத்தைந்து நிமிஷப் படம் போட்டார்கள். படம் முடிந்ததும் தலைக்குத் துணித்தொப்பி தேடினார்கள். தொப்பி கிடைத்ததும் டப்பாவை மாட்டினார்கள். உள்ளே 'புதுப்பிக்கப்படுகிறது, நாற்பத்து மூன்று சதவீதம்' என்று எழுத்து ஓடியது. அந்த நாற்பத்து மூன்றையே முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கடல் வந்தபோது மணி பதினொன்று. ஊசி தன் வேலையை ஒழுங்காக முடித்துக்கொண்டு எப்போதோ கிளம்பிவிட்டிருந்தது.

கடல் நன்றாகத்தான் இருந்தது. நீலமாக இருந்தது, மீன்கள் வந்தன. அப்போது கட்டு அக்கா துணியின் முனையைப் பிடித்து இழுத்தார். நான் கத்தினேன். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டேன். மீன்கள் இடதும் வலதுமாகப் பறந்தன.

முடிந்ததும் அனுபவ அதிகாரி மாடியிலிருந்து ஓடிவந்து என் நல்ல கையைப் பிடித்துக் குலுக்கினார். "எழுபத்தொண்ணு! முதல் நாளே எழுபத்தொண்ணு!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் விளக்கினார். டப்பா தலை திரும்புவதை அளக்கிறது. தலை எவ்வளவு திரும்புகிறதோ, நோயாளி அவ்வளவு ஆர்வமாகச் சுற்றுமுற்றும் பார்க்கிறார் என்று அர்த்தம். குரல் எழுப்பினால் குதூகலம். இரண்டையும் கூட்டினால் மதிப்பெண். அந்த எண் மட்டும் மாடியில் இருக்கும் திரைக்குப் போகும். மதிப்பெண் அறுபதைத் தாண்டினால் ஊசி பாதி. எண்பதைத் தாண்டினால் ஊசியே வேண்டாம்.

"சார், நான் வலியில கத்தினேன்," என்றேன்.

"உங்க வாய் அப்படிச் சொல்லுது," என்றார் பொறுமையாக. "உங்க தலை வேற சொல்லுது. நாங்க தலையத்தான் நம்புவோம். வாய் பொய் சொல்லும் பாருங்க."

அடுத்த முறை பாதி ஊசி. நான் எண்பத்தெட்டு வாங்கினேன். அதற்கடுத்த முறை ஊசியே இல்லை, தொண்ணூற்றேழு வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் கணக்கில் முப்பதைத் தாண்டாதவன் நான். கூடத்தின் சுவரில் என் படத்தை மாட்டி, 'இம்மாதத்தின் மகிழ்ச்சியான நோயாளி' என்று கீழே எழுதினார்கள். படத்தில் நான் வாயைப் பிளந்திருந்தேன். கட்டுப் பிரிக்கும்போது எடுத்தது.

டாக்டரிடம் போய் நின்றேன். நல்ல மனுஷர். ஊசி எழுதத்தான் பார்த்தார். எழுத எழுதக் கணினி அழித்தது. 'இந்நோயாளி மகிழ்ச்சியாக உள்ளார்' என்று ஒரு பெட்டி வந்து வந்து நின்றது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எங்கள் இருவரில் யார் அதிகம் பரிதாபம் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிவிட்டேன். "இனிமே நான் அங்க போகமாட்டேன்."

"போகாம? கை அழுகிப்போனா என்ன பண்றது?"

"அழுகட்டும்."

"அழுகட்டுமா? அப்புறம் மாவ யாரு பிசையறது, அந்த மீனா வந்து பிசையும்?" என்று சத்தம் போட்டவள், பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் எட்டுக் கட்டு இருக்குங்க. அதுக்குள்ள எப்படியாவது அந்த ஊசிய வாங்கிடுங்க. உங்க சத்தம் எனக்கு வெளிய பெஞ்சு வரைக்கும் கேக்குது. என்னால முடியல."

அவளாலேயே முடியவில்லை என்றால் என்னால் எப்படி முடியும்? அன்றைக்கு நான் பயந்ததுபோல் அடுப்பு சுட்ட அன்றுகூடப் பயப்படவில்லை.

அடுத்த கட்டுக்கு முன்னால் இன்னொரு இடி விழுந்தது. வெளி மருத்துவமனைகளிலிருந்து நாற்பது பெரிய மனிதர்கள் வரப்போகிறார்களாம். அவர்கள் முன்னால் மேடையில் வைத்து எனக்குக் கட்டுப் பிரித்துக் காட்டப்போகிறார்களாம்.

"நூறு வாங்கிடுவீங்க," என்று முதுகில் தட்டினார் அனுபவ அதிகாரி. "கூச்சப்படாதீங்க. வழக்கம்போல இருங்க."

அவர் போனதும் கட்டு அக்கா கதவைச் சாத்தினார். துணிகளை மடித்தபடியே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"ஊசி வேணுமா உங்களுக்கு?"

"காலில் விழட்டுமாக்கா?"

"அதெல்லாம் வேணாம். மேடையில தலைய ஆட்டாதீங்க. கத்தாதீங்க. ஒரு துளி அசையக் கூடாது. மதிப்பெண் பத்துக்குக் கீழ போச்சுன்னா, கருவி உங்களுக்கு ஒத்துக்கலன்னு அர்த்தம். பழையபடி முழு ஊசி குடுத்தாகணும். அவங்க எழுதின விதியிலயே இருக்கு. இதுவரைக்கும் யாரும் படிச்சதில்ல."

"ஊசி இல்லாம அசையாம இருக்கணுமா? எப்படிக்கா?"

"அது எனக்குத் தெரியாது," என்றார். "நான் கட்டு மட்டும்தான் போடுவேன்."

அதாவது, வலிக்கிறது என்று நிரூபிக்க, வலியே இல்லாதவனைப்போல உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டை யோசித்தவர் யாராக இருந்தாலும் பெரிய மூளைக்காரர். அந்த மூளைக்கு வேலை இல்லாமல் போயிருக்கிறது என்பதுதான் வருத்தம்.

அந்த நாளும் வந்தது. மேடையில் எனக்கு மாலை போட்டார்கள். பிறகு கட்டுப் போட வசதியாக இல்லையென்று கழற்றினார்கள். பெரிய திரையில் என் மதிப்பெண் தெரியும்படி வைத்திருந்தார்கள். இயக்குநர் அரைமணி நேரம் பேசினார்.

"போன வருஷம் இந்த மருத்துவமனையில வலின்னு ஆறாயிரம் புகார் வந்துச்சு. இந்த வருஷம் ஒண்ணுகூட இல்ல. எப்படி? புகார்ப் படிவத்துல அந்தக் கட்டத்தையே எடுத்துட்டோம். அறிவியல்னா இதுதான்!"

நாற்பது பேரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

டப்பாவை மாட்டினார்கள். கடல் வந்தது. வாய்க்குள் மனைவி கொடுத்திருந்த சுருட்டிய கைக்குட்டை இருந்தது. பின்தலையை நாற்காலியில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினேன். அடுப்படியை நினைத்துக்கொண்டேன். ஒரு தட்டுக்கு நாலு வரிசை, வரிசைக்கு ஆறு உருண்டை. ஒவ்வொரு உருண்டையாக மனசுக்குள் உருட்டி வைக்க ஆரம்பித்தேன். அக்கா துணியை இழுத்தார். என் கைக்குள் யாரோ கொள்ளிக்கட்டையைச் செருகியதுபோல் இருந்தது. ஏழாவது உருண்டை. எட்டாவது உருண்டை. கண்ணீர் டப்பாவுக்குள்ளே வழிந்து மூக்கில் இறங்கியது. தலை அசையவில்லை.

"என்னங்க, நாலு காட்டுது?" என்று யாரோ கேட்டார்கள்.

"கருவியில கோளாறு," என்றார் இயக்குநர். வேறு டப்பாவை மாட்டினார்கள். அது இரண்டு காட்டியது.

அனுபவ அதிகாரி என் காதருகே குனிந்தார். குரல் கெஞ்சியது. "அண்ணே, இடது பக்கம் திமிங்கலம் வருது. ஒரே ஒரு தடவை திரும்பிப் பாருங்கண்ணே. குட்டியோட வருது!"

நாற்பத்தோராவது உருண்டை. நாற்பத்திரண்டாவது உருண்டை.

எல்லாம் முடிந்து டப்பாவைக் கழற்றியபோது நாற்பது பேரும் இயக்குநரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தபடி கொஞ்சம் யோசித்தார். அந்தப் பதவிக்குச் சும்மாவா வந்திருப்பார்? குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"நண்பர்களே, ஒரு துயரமான உண்மைய உங்க முன்னால வைக்கிறேன். கருவி எல்லாருக்கும் ஒரே கடலத்தான் காட்டுது. ஆனா சில பேருக்கு அதப் பாக்கற கற்பனை இல்ல. ரொட்டி சுடறவர் பாவம், அவர் என்ன பண்ணுவார்? முன்னாடி வாங்கின மதிப்பெண்ணெல்லாம் அவரோட கற்பனை கடைசியா ஒருமுறை பிரகாசிச்சதுதான். இப்ப அது அணைஞ்சிடுச்சு. அவருக்காக ஒரு நிமிஷம் வருந்துவோம்."

நாற்பது பேரும் எழுந்து நின்று வருந்தினார்கள். இரண்டு மணி நேரத்தில் சான்றிதழ் வந்துவிட்டது. 'இந்நோயாளி கற்பனைத் திறன் குறைபாடு உடையவர். மெய்நிகர் அனுபவத்துக்குத் தகுதியற்றவர். எனவே பழைய முறைப்படி முழு ஊசி அளிக்கலாம். ஒவ்வொரு கட்டின்போதும் மறுபரிசோதனை செய்யப்படும். மதிப்பெண் அறுபதைத் தாண்டினால் இச்சான்றிதழ் ரத்தாகும்.'

மனைவி அதை இரண்டு தடவை படித்தாள். "நான் கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றேன், இவங்க இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க," என்றாள். சொல்லிவிட்டு, என் தோளில் சாய்ந்து அழுதாள்.

ஊசி கிடைத்தது. ஊசி போட்டுக்கொண்ட பிறகு அசையாமல் உட்கார்ந்திருப்பதொன்றும் பெரிய வித்தை இல்லை. மூன்று கட்டு நிம்மதியாகப் போனது. என் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார்கள்.

ஒருநாள் அந்த இடத்தில் வேறு படம் இருந்தது. ஏழு வயசுப் பெண்குழந்தை. அதுவும் வாயைப் பிளந்திருந்தது.

கொதிக்கிற தண்ணீர் காலில் கொட்டிவிட்டதாம். முதல் நாளே தொண்ணூற்றொன்பது. இனி ஊசி இல்லை என்று எழுதிவிட்டார்கள். தாய் பெஞ்சில் உட்கார்ந்து, ரெண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். உள்ளே இன்னும் ஒன்றும் ஆரம்பிக்கவே இல்லை. அவளுக்கு முந்தாநாள் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அசையாம இருக்கச் சொல்லுங்க" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லவில்லை. நான் நாற்பத்தைந்து வயசுக்காரன், எனக்கே நூற்றுச் சொச்சம் உருண்டை தேவைப்பட்டது. அந்தக் குழந்தை எதை எண்ணும்?

நான் கட்டு அக்காவைப் பார்த்தேன். "அக்கா, டப்பாவுக்குள்ள யார் தலை இருக்குன்னு மேல தெரியுமா?"

அவர் துணி மடிப்பதை நிறுத்தினார். "எண்ணு மட்டும்தான் போகும்."

"இப்ப கட்டுப் பிரிக்கிறீங்களா, சும்மா இருக்கீங்களான்னு?"

"அதுவும் தெரியாது," என்றவர், எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

சுவரோரம் இருந்த சின்னத் திரையில் குழந்தையின் பெயரைத் தட்டிவிட்டு, டப்பாவை என் தலையில் மாட்டினார். நான் கால்மணி நேரம் அம்மிக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். குழந்தை மறைப்புத் துணிக்குப் பின்னால் படுத்துக்கொண்டு, சொட்டு மருந்து பாட்டிலுக்குள் ஒரு யானை குடியிருப்பதாகவும், அதற்குத் தினமும் குளிர் ஜுரம் என்றும் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தது. யானைக்குப் போர்வை கேட்டது. மதிப்பெண் மூன்று. மதியத்துக்குள் சான்றிதழ் வந்துவிட்டது, அந்தக் குழந்தைக்குக் கற்பனைத் திறன் குறைபாடு என்று.

ஊசி போட்டு, அரைமணி நேரம் பொறுத்து, அக்கா கட்டைப் பிரித்தார். குழந்தை முகத்தைச் சுளித்தது. "ஆ" என்றது. அவ்வளவுதான். தாய் சுவரில் சாய்ந்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு என் கட்டு நாளும் குழந்தையின் கட்டு நாளும் ஒன்றாகும்படி அக்கா பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு மறுபரிசோதனைக்கும் குழந்தையின் பெயரில் நானே உட்கார்ந்தேன். என் கை ஆறிக்கொண்டு வந்ததால் டப்பாவுக்குள் இருந்ததை அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். திமிங்கலம் நிஜமாகவே குட்டியோடு வருகிறது. எங்கும் வலிக்காதவனுக்கு அது அருமையான கருவி என்று நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

என் கடைசிக் கட்டு அன்று, குழந்தைக்கு ஊசி போட்டுக் கட்டுப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே அது என்னைக் கேட்டது. "மாமா, நீங்க மட்டும் எப்பவும் மீன் பாக்கறீங்க. எனக்கு?"

மறுக்க மனசு வரவில்லை. அக்காவும் பக்கத்தில் நின்ற தாயும் தடுக்கவில்லை. டப்பாவைக் கழற்றி அதன் தலையில் மாட்டினேன். அணைக்க வேண்டும் என்று மூன்று பேருக்குமே தோன்றவில்லை.

குழந்தை இரண்டு கையாலும் டப்பாவைப் பிடித்துக்கொண்டது. பிறகு தலையை நிமிர்த்தி மேலே பார்த்தது. இடது பக்கம் திரும்பியது, வலது பக்கம் திரும்பியது, பின்னால் திரும்பியது. "அம்மா! குட்டி இருக்கு! அம்மா, என் கிட்ட வருது!" என்று கத்தியது. விழுந்து விழுந்து சிரித்தது. காலில் அக்கா செத்த தோலை எடுத்துக்கொண்டிருந்தார், அது குழந்தைக்குத் தெரியவே இல்லை. இயக்குநர் மேடையில் சொன்னது அத்தனையும் அந்த நிமிஷம் எங்கள் கண்ணெதிரே நிஜமாக நடந்தது. ஊசியும் உள்ளே இருந்தால் டப்பா வேலை செய்கிறது.

சின்னத் திரையில் எண் ஏறியது. முப்பது. நாற்பத்தைந்து.

"தலைய ஆட்டாதடா கண்ணு!" என்று தாய் பாய்ந்தாள். "சிரிக்காத! ஐயோ, சிரிக்காத!"

ஐம்பத்தெட்டில் நான் டப்பாவைப் பிடுங்கினேன். கண்ணுக்கு முன்னால் இருந்த குட்டி காணாமல் போனதும் குழந்தை எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஓவென்று அழுதது. என்ன தப்பு செய்தோம் என்று அதற்குப் புரியவில்லை. தாய் அதை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

மாடியிலிருந்து தொலைபேசி அடித்தது. அனுபவ அதிகாரியின் குரல் எனக்கே கேட்டது. "எண்ணு ஏறிச்சே? குழந்தை சிரிச்ச மாதிரி பதிவாயிருக்கே?"

கட்டு அக்கா குழந்தையையே பார்த்துக்கொண்டு பேசினார். "சிரிக்கல சார். வலியில கத்துச்சு."

அந்தப் பக்கம் ஏதோ தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "ஓ, கற்பனைக் குறைபாடு கேஸா? அப்ப சிரிச்சிருக்க வாய்ப்பில்லதான். வலியாத்தான் இருக்கும். சரி, ஊசிய நிறுத்தாதீங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

டப்பா வந்த நாள் முதல் அந்த அறையிலிருந்து எத்தனையோ பேர் வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறோம். அவர்கள் நம்பியது இந்த ஒரு தடவைதான்.